வைஃபைக்கு எட்டு மணி நேர வேலை

முதலில் மில்லை மூடினார்கள். இரண்டாவதாக, ஷிஃப்டுக்கு ஊதும் மில் சங்கைக் கழற்றி எடுத்துப் போனார்கள். மூன்றாவதாக, எங்கள் தொழிலாளர் சங்க அலுவலக வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தை நகர்த்தினார்கள். மூன்றுக்கும் துண்டறிக்கை எழுதியவன் நான். நான்காவதாக, வைஃபை அறுந்து அறுந்து போனது. பெருமைக்காகச் சங்கத்தின் பெயரையே அதற்கு வைத்திருந்தோம். இந்த முறை எதிரி யாரென்றுதான் பிடிபடவில்லை.

உயிர்வாழ் சான்று பதிய அன்று கடைசி நாள். ஐந்து மணிக்குள் பதியாவிட்டால், மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரங்கநாயகியக்காவின் பென்ஷன் நின்றுவிடும். சங்கக் கம்ப்யூட்டரில் அக்கா ரேகை வைத்தார். பாதியில் வைஃபை போனது.

செயலாளர் காளியண்ணன் டெக்னீஷியனுக்கு போன் போட்டார். "வைஃபை பெட்டியை உயரத்துல வைங்க" என்று பதில் வந்தது.

எங்களிடம் உயரமானது கொடிக்கம்பம். ஒயர் இழுத்து உச்சியில் கட்டினோம்.

"கொடிக்கு மேல பெட்டியா?" என்றார் தலைவர் பொன்னுசாமி. கமிட்டி கூடியது. பெட்டிக்கு மேல் கொடியைக் கட்டினோம்.

அடுத்த போன். "நடுவுல சுவர் இருக்கக்கூடாதுங்க."

கடப்பாரை வந்தது.

"கம்ப்யூட்டரை வெளிய தூக்கிட்டு வந்தா ஆகாதா?" என்றார் அக்கா. அது திருத்தமாக முன்மொழியப்பட்டு, ஒரே ஓட்டில் ஜெயித்தது.

வெயிலில் உட்கார்ந்து அக்கா மறுபடி ரேகை வைத்தார். அறுபது சதவீதத்தில் நின்றது.

மூன்றாவது போன். "ராப்பகலா ஓடி லோடு ஜாஸ்தியாயிருச்சுங்க. கொஞ்சம் அணைச்சு ரெஸ்ட் குடுங்க."

கடப்பாரையைக் கீழே போட்டார்கள்.

"பெட்டிக்கு வார லீவு?" என்றார் பொன்னுசாமி.

"குடுக்கலீங்க," என்றார் காளியண்ணன்.

"மே தினம்?"

"அன்னிக்கும் ஓடுச்சுங்க."

"மில்லுக்காரனே நமக்கு மே தினம் விட்டானப்பா."

பெட்டிக்கு எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராட்டம் என்று தீர்மானம் நிறைவேறியது.

"கோரிக்கை யாருகிட்டங்க?" என்றார் காளியண்ணன்.

"நிர்வாகத்துகிட்ட."

"நிர்வாகம் நாமதானுங்களே."

"அப்ப இன்னும் கடுமையாப் போராடணும்."

பெட்டியை அணைத்துவிட்டுக் கம்பத்தடியில் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன், பழக்கதோஷம்.

"நான் அறுபது பர்சன்ட் உசுரோட உக்காந்திருக்கறேன்," என்றார் அக்கா. "மீதி நாப்பதை எவன் குடுப்பான்?"

நாலு ஐம்பதுக்கு அவரே எழுந்துபோய் சுவிட்சைப் போட்டார். ஓய்வெடுத்த பெட்டி பிய்த்துக்கொண்டு ஓடியது. நாலு ஐம்பத்தெட்டுக்கு, அக்கா முழுசாக உயிரோடிருப்பதைக் கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டது.

கமிட்டி மன்னிக்கவில்லை. வேலைநிறுத்தத்தில் வேலை செய்கிறவன் கருங்காலி. அவன் பெயரைச் சாட்சிகள் முன்னால் வாசிப்பது எங்கள் வழக்கம்.

"அக்கா பேரையா?" என்றேன்.

"அக்கா சுவிட்சுதான் போட்டாங்க," என்றார் பொன்னுசாமி. "வேலை செஞ்சது பெட்டி."

இரண்டு சாட்சிகள் எழுந்து நின்றார்கள். காளியண்ணன் கம்ப்யூட்டரில் பெட்டியின் பெயரைத் தேடி எடுத்து, தொண்டையைச் செருமி, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்:

"கருங்காலியின் பெயர், பூங்காவனம் மில் தொழிலாளர் சங்கம்."