முதலாளி பிடித்த மைக்

கோத்தகிரியில் மலைச் சைக்கிள் வாடகைக்கு விடும் குழந்தைவேலு முதலாளிக்கு, புதிதாக இறக்கிய சைக்கிள்கள் மேல் தாங்க முடியாத பெருமை. பிரேக்கும் கியரும் ஒரே லீவரில்! உள்ளே அழுத்தினால் பிரேக், மேலும் கீழும் தள்ளினால் கியர்.

"தார் ரோட்டுக்கு அருமையான லீவர்தான் சார். கல்லுப் பாதையில குலுங்குறப்ப, பிரேக் பிடிக்கிற கை கியரையும் தள்ளிடுது. நேத்து ரெண்டு பேர் விழுந்துட்டாங்க," என்றாள் வழிகாட்டி எஸ்தர்.

"பிடிக்கத் தெரியாதவன் விழத்தான் செய்வான். நாளைக்குத் தொடக்க விழா. சைக்கிளைத் தொடாமலே லீவர்தான் தப்புன்னு நிரூபி பார்ப்போம். முடியலைன்னா வேலையை விட்டுப் போயிடு."

"சரிங்க சார். ஆனா மேடையில பேசாதீங்க. ஜீப்புல நின்னுக்கிட்டு அந்தப் பாதையிலேயே பேசுங்க. கெத்தா இருக்கும்."

முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் கல்லுப் பாதையில் ஜீப் ஊர்ந்தது. எஸ்தர் அவர் பக்கத்தில் நின்றாள். கூட்டம் பின்னாலேயே நடந்து வந்தது.

"இந்த லீவர் ஒருநாளும்..." என்று மைக்கில் முழங்கினார் முதலாளி. ஜீப் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. பதறிப்போய் மைக்கை இறுக்கினார். கட்டைவிரல் அதிலிருந்த ஸ்விட்சைத் தள்ளிவிட, ஸ்பீக்கர் ஊமையானது. மறுபடி போட்டார். "ஒருநாளும் தானா நகரா..." அடுத்த கல். மறுபடி ஊமை. கூட்டம் சிரித்தது.

"யாரு ஆஃப் பண்றது?"

"உங்க கைதான் சார். அது பிடிக்கத் தெரியாத கையா?"

முதலாளி மைக்கைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பிரேக்கையும் கியரையும் தனித்தனியா மாத்திடலாம்," என்றார்.

மைக் இன்னும் ஆஃபில்தான் இருந்தது. எஸ்தர் கை நீட்டி ஸ்விட்சைப் போட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்."