புறவாசல் குளம்

"அம்மா, இந்தப் பிள்ளைங்க போடுற கூச்சல்ல எனக்கு ஒரு நொடிகூட மனசு அடங்க மாட்டேங்குது" என்றார் ஆவுடையப்பன்.

பர்வதம்மா வலது காலை நீட்டியபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எவ்வளவு தூரத்துல உக்காந்து பாத்தீங்க?"

"முன்வாசல்ல. வேம்படியில."

"அது ரொம்பத் தூரமாச்சே. நாளையிலேர்ந்து கிட்டப் போய் உக்காருங்க. குளம் இனி உங்க பொறுப்பு, அண்ணாச்சி."

ஆவுடையப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வாழ்நாளெல்லாம் ஜவுளிக்கடையில் நின்றவர் அவர். "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டே தொண்டை தேய்ந்துபோனது. மனைவி போன பிறகு கடைச் சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் அமைதி கிடைக்காதா என்று இந்த மலையடிவாரத்துக்கு வந்திருந்தார்.

ஆசிரமம் என்று பேர். ஓட்டு வீடு ஒன்று, முன்னால் வேம்பு, பின்னால் வாழை. அவ்வளவுதான். குருவான பர்வதம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. அதனால் சீடரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். முதலில் ஆவுடையப்பனுக்கு அது கூச்சமாக இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று.

எல்லாம் பிடித்துத்தான் இருந்தது, அந்தக் குளத்தைத் தவிர.

ஊருக்கு மேற்கே கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. தோண்டிய பள்ளத்தில் ஆழம் தெரியாமல் தண்ணீர் நிற்கும். கல்லுடைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் வெயில் பொறுக்காமல் அதில் போய்க் குதிப்பார்கள். ஒரு கோடையில், குதித்த பிள்ளை ஒன்று மேலே வரவில்லை.

அடுத்த கோடையில் பர்வதம்மா புறவாசலில் செங்கல் அடுக்கினார். நீலத் தார்ப்பாய் விரித்தார். பெரியவர்களுக்கு முழங்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்டார். அன்றிலிருந்து வருஷாவருஷம் சித்திரையில் கட்டுவது, ஆடிக் காற்று கிளம்பியதும் பிரித்து வைப்பது.

மத்தியானமானால் பிள்ளைகள் அதில்தான் கிடப்பார்கள்.

மறுநாள் காலை பர்வதம்மா அவர் கையில் ஒரு வலையைக் கொடுத்தார். பழைய கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் கட்டி, மூங்கில் கழி செருகியது.

"காத்துல வேப்பம்பூ பறந்து வந்து கிடக்கும். அள்ளிடுங்க."

அள்ளினார். தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்தார். அழுக்குத் தண்ணீரை வாழைக்கு விட்டார். காலைக் கழுவாமல் யாரும் இறங்கக் கூடாது என்று சொன்னார். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஏறும் முக்காலியை எடுத்து வீட்டுக்குள் வைத்து, முள்வேலிப் படலுக்குக் கொக்கி போட்டார். மிதக்கிற பந்து, கொட்டாங்கச்சி எதையும் தண்ணீரில் விட்டுவைக்க மாட்டார். அதைப் பார்த்து ஏதாவது சின்னப் பிள்ளை தனியாக வந்து எட்டிப் பிடிக்கப் போனால்?

செய்கிற வேலையில் குறை வைக்கத் தெரியாத மனிதர்.

ஒரு நாள் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகவே கரைத்து ஊற்றிவிட்டார். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. பர்வதம்மாவைக் கூட்டி வந்து காட்டினார்.

"பாருங்கம்மா. அடியில தார்ப்பாயோட மடிப்புகூடத் தெரியுது."

பர்வதம்மா தண்ணீரைப் பார்க்கவில்லை. கரையில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். அத்தனை கண்ணும் செக்கச்செவேல்.

"தண்ணி ரொம்ப நல்லாயிருக்கு, அண்ணாச்சி. யார் குளிக்க?"

ஆவுடையப்பன் எல்லாத் தண்ணீரையும் இறைத்துவிட்டு வேறு விட்டார்.

நாளாக ஆக, பிள்ளைகளின் பேர் பழகிற்று. யார் தள்ளிவிடுவான், யார் காலைக் கழுவாமல் ஏமாற்றுவான் என்பது பழகிற்று. கல்லுடைக்கப் போகும் முப்பிடாதியின் மகள் இசக்கிதான் அதில் எல்லாரையும்விடச் சின்னவள். குளத்துக்குள் நின்றால் தண்ணீர் அவள் நெஞ்சுக்கு வரும். ஓர் அலுமினிய டம்ளரைக் கையிலேயே வைத்திருப்பாள். அவரைக் கண்டால் "தாத்தா, டீ!" என்று குளத்துத் தண்ணீரை மொண்டு நீட்டுவாள். அவரும் குடிக்கிற மாதிரி பாவனை செய்து, "சக்கரை பத்தலை" என்பார். அவள் மறுபடி மொண்டு வருவாள்.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடுவார். கூச்சல். திறப்பார். மூடுவார். கூச்சல்.

வைகாசியில் ஒரு மத்தியானம், அது நடந்தது.

பெரிய பிள்ளைகள் மாங்காய் பொறுக்கத் தோப்புப் பக்கம் ஓடிவிட்டார்கள். குளத்தில் இசக்கி மட்டும் டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஓர் அமைதி வந்தது. முதலில் மூச்சில். பிறகு நெஞ்சில். இத்தனை வருஷமாக எதைத் தேடினாரோ அதுவே. மெல்ல மெல்ல, எல்லாச் சத்தமும் நின்றுபோனது.

எல்லாச் சத்தமும்.

டம்ளர் சத்தமும்.

கண்ணைத் திறந்தார். தண்ணீர் அலுங்காமல் இருந்தது. அதில் கறுப்பாக, பூவிரித்த மாதிரி, ஒரு தலைமுடி.

எப்படிக் குதித்தார் என்று அவருக்கே தெரியாது. தூக்கினார். தோளில் குப்புறப் போட்டுத் தட்டினார். பிள்ளை இருமியது. தண்ணீர் கக்கியது. பிறகு வீறிட்டு அழுதது.

உலகத்திலேயே அந்த அழுகைதான் இனிமையான சத்தம் என்று தோன்றியது அவருக்கு.

சாயங்காலம் முப்பிடாதி ஓடி வந்தாள். அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நல்லவேளை, நீங்க அங்க இருந்தீங்கய்யா."

"நான் அங்க இல்லைம்மா" என்றார் அவர்.

அவளுக்கு அது புரியவில்லை. பர்வதம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இசக்கிக்கு ஒரு கட்டிக் கருப்பட்டி எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் ஆவுடையப்பன் ஒரு மூலைச் செங்கலை உருவினார். தார்ப்பாயைத் தாழ்த்திவிட்டார். குளம் முழுக்க வாழைக்குள் ஓடியது.

"என்ன அண்ணாச்சி?"

"இனி யாருக்கும் ஆபத்தில்லைம்மா."

பர்வதம்மா காலிக் குளத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். காய்ச்சல்காரனைப் பார்க்கிற பார்வை.

"சரி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

அன்று மத்தியானம் வேம்படியில் போய் உட்கார்ந்தார் ஆவுடையப்பன். ஒரு குரல் இல்லை. இலைகூட அசையவில்லை. அவர் ஆசைப்பட்ட மௌனம், வீடு நிறைய.

உட்கார முடியவில்லை.

வெயில் கொளுத்தியது. கழுத்தைத் துடைத்துக்கொண்டார். 'நிழல்ல இருக்கிற எனக்கே இப்படி எரியுதே' என்று நினைத்தார். நினைத்தவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா!"

அடுக்களையில் ஆள் இல்லை. அடுப்பு அணைந்து கிடந்தது. கொடியில் தொங்கும் குடையையும் காணோம்.

செருப்பைத் தேடவில்லை. மேற்கே ஓடினார்.

குவாரிப் பாதையின் கடைசியில், பள்ளத்தின் விளிம்பில், ஒரு குடை தெரிந்தது. சுடுகிற பாறையில் பர்வதம்மா உட்கார்ந்திருந்தார். மடக்க முடியாத வலது காலை நீட்டியிருந்தார். குடை அவர் தலைக்கு மேல் இல்லை. பக்கத்தில் ஒண்டியிருந்த இசக்கியின் தலைக்கு மேல் இருந்தது. இந்தப் பக்கம் பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் பள்ளம். நடுவில் அவர்.

"அம்மா, எப்ப வந்தீங்க?"

"இவங்க வந்தப்ப."

அவர் திரும்பவில்லை. பேசும்போதும் கண் பிள்ளைகள் மேலேயே இருந்தது. ஒருவன் கல்லை உதைத்தான், அவனைப் பார்த்தார். ஒருத்தி ஓரடி நகர்ந்தாள், அவளைப் பார்த்தார். முகத்தில் அவசரம் இல்லை, அலுப்பு இல்லை. வேர்வை மட்டும் வழிந்தது.

இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பதை ஆவுடையப்பன் அதுவரை பார்த்ததில்லை. இல்லை, தினமும் பார்த்திருக்கிறார். கவனித்ததில்லை.

"இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார் பர்வதம்மா. "இதுவரைக்கும் கேட்டாங்க. இனியும் கேப்பாங்களான்னு தெரியலை."

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கடைவாசலில் நின்று கூப்பிடும் அதே குரல், தானாக வந்தது.

"வாங்க, வாங்க! புறவாசல்ல புதுத் தண்ணி! முதல்ல வர்றவங்க யாரு?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான், பாதையில் புழுதி பறந்தது.

பர்வதம்மா கையை நீட்டினார். அவர் தூக்கிவிட்டார்.

"தண்ணி எங்க இருக்கு, அண்ணாச்சி? மோட்டார் போடக் கரண்ட்டும் இல்லையே."

"கிணத்துல இருக்கும்மா."

செங்கலை ஏற்றி வைத்தார். தார்ப்பாயைத் தூக்கிக் கட்டினார். கிணற்றில் இறைத்து இறைத்துக் குடம் குடமாகச் சுமந்தார். பிள்ளைகள் வாளி, சட்டி, தூக்குப்போணி என்று கிடைத்ததைக் கொண்டுவந்தார்கள். பாதி வழியிலேயே சிந்தியது. இருட்டுவதற்குள் கணுக்காலுக்குத் தேறியது. அந்தக் கணுக்கால் தண்ணீரில் அத்தனை பேரும் புரண்டார்கள். அவர் முதுகு விட்டுப்போயிருந்தது. உட்காராமல் நின்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

இசக்கி மட்டும் இறங்கவில்லை.

அடுத்த நாளும் இறங்கவில்லை. குளம் நிறைந்து, மற்றவர்கள் கும்மாளம் போட்டு முடித்துத் தோப்புக்குப் போன பிறகும், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

"டீ இல்லையா இன்னைக்கு?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

தலையை ஆட்டினாள். இல்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். இத்தனை நாள் துடைத்துத் துலக்கிய குளத்தில் குளிக்கவென்று முதல்முறையாகக் காலை வைத்தார். காலைக் கழுவாமல் வைத்தது ஞாபகம் வந்து, வெளியே வந்து கழுவிக்கொண்டு மறுபடி இறங்கினார். தொப்பை நனைய உட்கார்ந்தார்.

குளிர்ந்திருந்தது. அட, இவ்வளவு குளிர்ச்சியா!

இசக்கி வெளியிலிருந்தே எக்கி, ஒரு டம்ளர் மொண்டு அவர் வழுக்கைத் தலையில் ஊற்றினாள். "ஆ!" என்று அலறினார். அவள் சிரித்தாள். இன்னொரு டம்ளர். இன்னொரு அலறல்.

பிறகு கையை நீட்டினாள். தூக்கித் தன் முன்னால் தண்ணீரில் நிறுத்தினார். அவர் கட்டை விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, டம்ளரைப் பிடிப்பதற்காக விரலை விட்டாள். பிடித்தாள். விட்டாள்.

காற்றில் வேப்பம்பூ ஒன்று பறந்து வந்து விழுந்தது. அவர் அதை அள்ளவில்லை.

புறவாசல் நிலையில் பர்வதம்மா வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"அண்ணாச்சி, வெயில் சாயுது. இன்னைக்குத் தியானத்துக்கு உக்காரலையா?"

"உக்காந்துதான் இருக்கேன்மா" என்றார் ஆவுடையப்பன், திரும்பாமல்.