செம்பு நிலாவுக்குப் போன செவந்தி

ஒரு ஊர்ல ரெண்டு நிலா இருந்துச்சு. சிரிக்காத கண்ணு, நெசமாத்தான் சொல்றேன். நமக்கு ஒண்ணு, அந்த ஊருக்கு ரெண்டு. ஒண்ணு நம்மளுது மாதிரியே பெருசா, வெள்ளையா. இன்னொண்ணு சின்னது. தேய்க்காம போட்ட செம்புப் பாத்திரம் இருக்கும்ல, அந்த நிறம். போர்வைய இழுத்துக்கோ. ம் கொட்டணும், இல்லேன்னா அத்தை நிறுத்திருவேன்.

"ம்."

ரெண்டு நிலா இருந்தா, ஆளுக்கு ரெண்டு நிழல் விழும்ல? வெள்ளை நிலா போடுற நிழல் நல்ல நிழல். நீ கைய தூக்கினா அதுவும் தூக்கும். செம்பு நிலா போடுற நிழல் அப்படி இல்ல. நீ கைய தூக்கினா, அது கொஞ்சம் யோசிச்சிட்டுத் தூக்கும். ஆனா வெள்ளை நிலா பக்கத்துல இருக்கிற வரைக்கும் பயமில்ல, ஒழுங்கா இருக்கும்.

ஏழு வருசத்துக்கு ஒருக்கா வெள்ளை நிலா வராது. செம்பு நிலா மட்டும் தனியா வரும். வந்து வானத்துல நிக்காது. ஊருக்குக் கிழக்க ஒரு மொட்டைப் பாறை, அதுக்கு மேல இறங்கி உக்காந்துரும். இன்னைக்குப் பொழுது சாய வந்தா, நாளைக்குப் பொழுது சாயத்தான் எந்திரிச்சுப் போகும். அது வர்ற சாயங்காலம் ஊரே கதவைச் சாத்திக்கும். கோழியக்கூட கூடையப் போட்டு மூடிருவாங்க.

"ஏன் அத்தை?"

சொல்றேன், இரு.

அந்த ஊர்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேர். அக்கா பேரு மருதாயி, தங்கச்சி பேரு செவந்தி. ரெண்டு பேரும் சுண்ணாம்பு சுடுறவங்க. வத்திப்போன ஏரி ஒண்ணு இருந்துச்சு. அதுல கிளிஞ்சல் பொறுக்கிட்டு வந்து, காளவாய்ல போட்டு, மூணு நாளு அணையாம தீ போட்டாத்தான் சுண்ணாம்பு. நடுவுல தீ அணைஞ்சா அம்புட்டும் வீண்.

அப்போ, செம்பு நிலா வர்ற அன்னைக்குன்னு பாத்து, காளவாய்க்கு விறகு தீந்துபோச்சு. மருதாயி எட்டிப் பாக்குறா, பொழுது இன்னும் ஒரு சாண் இருக்கு.

"செவந்தி, ஓடிப்போய் ஓடைக்கரையில அடுக்கி வச்ச விறகுல ஒரு கட்டு எடுத்துட்டு வா."

"இப்பவாக்கா? பொழுது சாயுதே."

"நேத்தே எடுத்து வைன்னு சொன்னேன், வச்சியா? போ. வேலைன்னா மட்டும் உனக்குக் காலு நகராது."

செவந்தி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போனா. போனவ பொழுது இறங்கியும் வரல. கதவிடுக்கு வழியா பாத்தா, பாறை மேல செம்பு நிலா வந்து உக்காந்துருச்சு. கும்முனு ஒரு சத்தம். அப்புறம் ஊர்ல ஒரு நாய் இல்ல, ஒரு தவளை இல்ல.

மருதாயி கதவைத் திறக்கலாமான்னு தாழ்ப்பாள்ல கை வைக்கிறா, எடுக்குறா. அப்போ கதவு தானா கிர்ர்ர்னு திறந்துச்சு. செவந்தி நிக்கிறா, தலையில விறகுக் கட்டோட.

"வந்துட்டியா ஆத்தா!"ன்னு கட்டிக்கிட்டா மருதாயி. உடம்பு சிலீர்னு இருந்துச்சு. பனியில வந்திருக்கான்னு நினைச்சுக்கிட்டா. செவந்தி கட்டை இறக்கிப் போட்டா. அம்மாம் பெரிய கட்டு. தொப்புன்னு விழணும்ல? சத்தமே வரல.

ம் எங்க?

"ம்."

விடிஞ்சுது. மருதாயி கஞ்சி ஊத்திக் குடுத்தா. உப்புப் போட மறந்துட்டா. செவந்தி எப்பவும் ஒரு கல்லு உப்பு குறைஞ்சாலே ஊரைக் கூட்டுவா. அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. ரெண்டு கையாலயும் சட்டியப் பிடிச்சிக்கிட்டு, கஞ்சியவே இப்பத்தான் முதமுதலா பாக்குற மாதிரி, மெல்ல மெல்லக் குடிச்சா.

அப்புறம் காளவாய்ல கிளிஞ்சல் ஒண்ணு வெடிச்சு வெளிய தெறிச்சுது. நெருப்பாக் கொதிக்குது. அதை எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா செவந்தி. கை சுடல.

அப்புறம் உச்சிப் பொழுது. ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறாங்க. மருதாயி காலடியில குட்டியா ஒரு நிழல். செவந்தி காலடியில வெறும் மண்ணு.

மருதாயி ரெண்டு அடி பின்னால நகந்தா. "நீ யாரு?"

"செவந்திக்கா."

"செவந்தி கையில சுண்ணாம்பு பட்ட புண்ணு இருக்கும். உன் கையக் காட்டு."

அது கையக் காட்டுச்சு. தேய்ச்சு விட்ட மாதிரி ஒரு ரேகைகூட இல்ல. தலையக் குனிஞ்சிக்கிச்சு. "நான் அவளோட செம்பு நிலா நிழல். ஓடைக்கரையில அவ குனிஞ்சு கட்டு தூக்கையில நான் எந்திரிச்சிட்டேன். நான் எந்திரிச்சா அவ விழணும். இப்ப அவ பாறை மேல, நிலாவுக்குள்ள இருக்கா."

மருதாயி அது தலைமுடியப் பிடிச்சிட்டா. பிடிச்சா, கையில புகை மாதிரி இருக்கு. "என் தங்கச்சிய எடுத்துட்டு, என் வீட்டுலயே கஞ்சி குடிச்சியா?"

"அங்க நிலாவுக்குள்ள ரொம்பக் குளிருதுக்கா" அப்படின்னுச்சு அது. அம்புட்டுத்தான் சொல்லுச்சு.

மருதாயி கைய எடுத்துட்டா. "வழியக் காட்டு."

காளவாய்த் தீ அணையட்டும்னு விட்டுட்டுக் கிளம்பினா. பொழுது சாயறதுக்குள்ள போய்த் திரும்பணும். நிலா எந்திரிச்சிட்டா அப்புறம் ஏழு வருசம். அது முன்னால போகுது, மருதாயி பின்னால. நடக்குறது ரெண்டு பேரு, காலடிச் சத்தம் ஒருத்தருக்குத்தான். சரக், சரக், சரக்.

முதல்ல அந்த வத்திப்போன ஏரி. தினமும் கிளிஞ்சல் பொறுக்குற ஏரிதான். ஆனா அன்னைக்கு நிரம்பியிருந்துச்சு. தண்ணி இல்ல கண்ணு. நிழல். பாறையோட நிழல், அதுக்குள்ள மனுசங்க நிழல், மாடு நிழல், மரத்து நிழல், எல்லாம் கரைஞ்சு கழுத்தளவுக்கு அலையடிக்குது. மருதாயி இறங்கினா. சிலுசிலுசிலுன்னு எலும்புக்குள்ள போகுது. ஆயிரம் கை காலைப் பிடிக்குது. "எங்களுக்கும் ஒரு ஆளு குடு, எங்களுக்கும் ஒரு ஆளு குடு"ன்னு காதுகிட்ட முணுமுணுக்குது. பாதியில கால் இழுத்துக்கிச்சு, மூழ்கப் போறா. அப்போ முன்னால போன அந்த நிழல் திரும்பி வந்து, "என் கையப் பிடிச்சிக்கோ. நம்ம ஆளுன்னு நினைச்சு விட்டுருவாங்க"ன்னு சொல்லுச்சு. பிடிச்சிக்கிட்டா. விட்டுட்டாங்க.

அடுத்து பாறையடியில ஒரு சின்ன வாசல். அங்க ஒருத்தன் காவல். அவனுக்கு உடம்பு இருக்கு, துணி இருக்கு, முகம் இருக்குற இடத்துல மட்டும் ஒண்ணுமில்ல, தேய்ச்ச சட்டி அடி மாதிரி வழவழன்னு.

"உள்ள போகணும்னா பேரு சொல்லு"ன்னான்.

மருதாயி வாயத் திறந்தா. நிழல் அவ விரலை அழுத்துச்சு, சொல்லாதன்னு. பேரைச் சொன்னா முகத்தையும் சேத்து எடுத்துக்குவானாம். மருதாயி யோசிச்சா. "எனக்குப் பேரு இல்ல. நான் செவந்தியோட அக்கா"ன்னு சொன்னா. அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். மூணு தடவையும் அதையேதான் சொன்னா. அப்புறம் அவன் பெருமூச்சு விட்டு நகந்துட்டான்.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

உள்ள போனா, செம்புக் குடத்துக்குள்ள நிக்கிற மாதிரி. சுவரெல்லாம் மங்கலாப் பளபளக்குது. பேசினா ஙொய்ங்ங்னு சுத்தி வருது. அங்க நாப்பது செவந்தி நிக்கிறாங்க. அதே பாவாடை, அதே பின்னல், அதே கையில அதே சுண்ணாம்புப் புண்ணு. நாப்பது பேரும், "அக்கா! வந்துட்டியாக்கா! என்னைக் கூட்டிட்டுப் போக்கா!"ன்னு அழுதுக்கிட்டுக் கைய நீட்டுறாங்க.

மேலருந்து ஒரு குரல். அதுதான் நிலா. "ஒருத்தியத் தொடலாம். தப்பாத் தொட்டா நீயும் இங்கதான்."

மருதாயி ஒவ்வொருத்தியாப் பாத்துக்கிட்டே நடக்குறா. எல்லாரும் அழகா அழறாங்க. எல்லாருக்கும் அக்கா மேல அம்புட்டுப் பாசம். கடைசி மூலையில ஒருத்தி மட்டும் சுவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்திருக்கா. கூப்பிடவும் இல்ல, அழவும் இல்ல.

மருதாயி அவ பின்னால போய் நின்னா. "செவந்தி."

"போ. நீதான அனுப்பின."

மருதாயி அப்படியே மண்டி போட்டுட்டா. "ஆமா ஆத்தா. நான்தான் அனுப்பினேன். தப்புத்தான்." சொல்லிட்டு முதுகுல கைய வச்சா. சூடா இருந்துச்சு. மத்த முப்பத்தொம்போது பேரும் அழுகைய நிறுத்திட்டு, புஸ்ஸுன்னு அவிஞ்சு போனாங்க.

நிலா, "கூட்டிட்டுப் போ. ஆனா ஒண்ணு வெளிய போனா ஒண்ணு உள்ள இருக்கணும். அவ நிழல் இங்க திரும்பட்டும்"னுச்சு.

கூட வந்த நிழல் வாசல்கிட்டயே நின்னுச்சு. அழல. "சரிக்கா"ன்னுச்சு. "கஞ்சி நல்லா இருந்துச்சு." சொல்லிட்டு உள்ள நடக்க ஆரம்பிச்சுது.

மருதாயிக்கு என்னமோ ஆயிருச்சு. ஏரியில பிடிச்ச கை அது. "நில்லு"ன்னா. மேல பாத்தா. "இதை விட்டுரு. என் நிழல் ரெண்டையும் எடுத்துக்கோ."

"நிழல் இல்லாதவள ஊர்ல வச்சிக்க மாட்டாங்க. கல்லெடுத்து அடிப்பாங்க."

"அது என் பாடு."

சர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். ஈரத் துணிய உரிக்கிற மாதிரி, மருதாயி காலடியிலருந்து நிழல் உரிஞ்சு போச்சு.

"வலிச்சுதா அத்தை?"

வலிக்கல. ஆனா உடம்பு காகிதம் மாதிரி லேசாயிருச்சு. ஒரு காத்து அடிச்சா பறந்துருவா போல. தள்ளாடுறா. அப்போ செவந்தியோட நிழல் ஓடி வந்து, மருதாயி காலடியில நீட்டிப் படுத்துக்கிச்சு. குதிகாலோட குதிகால ஒட்டிக்கிச்சு. செவந்திக்குத்தான் வெள்ளை நிலா நிழல் மிச்சம் இருக்கே. மருதாயி மறுபடி தரையில ஊனி நின்னா.

"ஓடுங்க"ன்னுச்சு தரையிலருந்து குரல். ஓடினாங்க. வாசலத் தாண்டி, ஏரிக்குள்ள இறங்கி, அதே நிழல் முன்னால நீண்டு வழிகாட்ட வழிகாட்ட, இந்தக் கரை ஏறினாங்க. திரும்பிப் பாத்தா, கும்முனு நிலா பாறைய விட்டு எந்திரிச்சிருச்சு. ஏரியில வெறும் கிளிஞ்சல்.

வீட்டுக்கு வந்தாச்சு. காளவாய் சாம்பலாக் கிடக்கு. செவந்தி அக்காகிட்ட பேசல. ஒரு நாள் பேசல, ரெண்டாம் நாளும் பேசல. மருதாயியும் கண்ணு மூடல. மூடினா தங்கச்சி இருக்க மாட்டாளோன்னு பயம். தனியாவே கிளிஞ்சல் பொறுக்கி, தனியாவே புதுசா தீ போட்டா. மூணாம் நாள் பொழுது சாய செவந்தி வந்து, அவ கையிலருந்த தீக்கோலப் பிடுங்கினா.

"தள்ளு. நான் பாத்துக்கிறேன். போய்ப் படு."

"நீ..."

"நான் எங்கயும் போகல. போய்ப் படுக்கா."

மருதாயி பாயில விழுந்தா. விழுந்த நொடி தூங்கிட்டா. விடியக்காலையில, தீக்கு வேண்டிய விறகத் திணிச்சிட்டு செவந்தி உள்ள வந்தா. வந்தவ அப்படியே நின்னுட்டா. அக்கா படுத்திருக்கா. ஆனா அவ நிழல் அவளோட சேந்து படுக்கல. தலைமாட்டுல, முழங்கால கட்டிக்கிட்டு, முழிச்சு உக்காந்திருக்கு. செவந்தியப் பாத்ததும் வெடவெடன்னு நடுங்குது. செவந்தி முகத்தையே வச்சிக்கிட்டு நடுங்குது.

செவந்திக்கு முடியெல்லாம் குத்திட்டு நின்னுச்சு. ஓடைக்கரையில தன்னைக் கீழ தள்ளினது அதுதான். கொஞ்ச நேரம் அதையே பாத்தா. வெளிய தீ படபடன்னு எரியுது.

அப்புறம் பாயில போய்ப் படுத்தா. அக்காவ ஒட்டிப் படுக்கல. நடுவுல ஒரு ஆளுக்கு இடம் விட்டுப் படுத்தா.

"சும்மா உக்காந்திருக்காத"ன்னா. "இங்க வந்து படு. குளிரும்."

அது வந்து படுத்துக்கிச்சு. மூணு பேரும் தூங்கிட்டாங்க. கதையும் அவங்க கால்மாட்டுல சுருண்டு படுத்துருச்சு கண்ணு. நீயும் தூங்கு.