ஒரே இயந்திரம், பதினாறு பேர்

சவரிமுத்து ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, நாற்பத்தைந்தாவது வயதில் டாக்டர் யோகாம்பாளிடம் கம்ப்யூட்டர் படிக்கக் கல்லூரிக்கு வந்தார். ஆசிரியை அவரைவிடப் பத்து வயது சின்னவர். அது சவரிமுத்துவை உறுத்தவில்லை. உறுத்தியதெல்லாம் அந்தக் கல்லூரியின் ஒரே கம்ப்யூட்டர்தான்.

ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்றது அது. வேலையை அட்டையில் துளை போட்டுக் கொடுத்தால் மறுநாள் விடை வரும். அதை மாற்றி, பதினாறு துறைகளில் பதினாறு பேர் ஒரே சமயத்தில் தட்டெழுதிக் கேட்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் இயந்திரம் தனக்கே என்று தோன்ற வேண்டும் என்றார் யோகாம்பாள். இயந்திரத்தின் நினைவகத்திலோ ஒருவர் வேலைக்குத்தான் இடம். மற்றவர்களுடையதைப் பக்கத்தில் சுழலும் காந்த உருளையில் இறக்கிச் சேமித்து வைத்து, முறை வரும்போது ஏற்ற வேண்டும்.

யாரை எவ்வளவு நேரம் கவனிப்பது என்பது சவரிமுத்துவின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை டைரக்டர் சோதித்துப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் பழையபடி அட்டைதான்.

யாரும் காத்திருக்கக் கூடாதென்று சவரிமுத்து ஆளுக்குக் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் ஒதுக்கினார். புதன்கிழமை ஒத்திகை. உருளை ரைஸ் மில் மாதிரி இரைந்தது. எந்தத் துறைக்கும் ஓர் எழுத்துகூட வரவில்லை. நான்கு பேர் கோபமாக நேரிலேயே கிளம்பி வந்துவிட்டார்கள்.

"எல்லாருக்கும் சமமாத்தான் குடுத்தேன் மேடம். ஏன் யாருக்கும் ஒண்ணும் போய்ச் சேரலை?"

யோகாம்பாள் அந்த நான்கு பேரையும் அவர் முன்னால் வரிசையாக நிறுத்தினார்.

"இவங்க குறையைக் கேளுங்க சார். ஆளுக்கு ஒரு வார்த்தை. யாரும் காத்திருக்கக் கூடாது இல்லையா?"

"என்" என்றார் கணிதப் பேராசிரியர் வரதாச்சாரி.

"நேத்து" என்றார் தாவரவியல் லெக்சரர்.

"மூணு" என்றார் மூன்றாமவர்.

"யாருய்யா" என்றார் நான்காமவர்.

"சமன்பாட்டை" என்றார் வரதாச்சாரி.

இரண்டாவது சுற்றிலேயே சவரிமுத்துவுக்கு வியர்த்தது. ஐந்தாவது சுற்றில் வரதாச்சாரியின் சமன்பாட்டில் தாவரவியல்காரரின் பூஞ்சை வளர ஆரம்பித்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"தெரியலை மேடம். யார் எங்க விட்டாங்கன்னு ஞாபகம் வச்சுக்கறதுலயே நேரம் போயிருச்சு."

"உங்க இயந்திரமும் காலையிலேர்ந்து அதைத்தான் சொல்லுது."

சவரிமுத்து நேரத்தைக் கூட்டினார். இப்போது வரதாச்சாரியின் பெரிய கணக்கு முறை வரும்போதெல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மற்றவர்கள் நகம் கடித்தார்கள்.

வியாழக்கிழமை முழுக்க சவரிமுத்து ஒவ்வொரு துறையாகப் போய், தட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். முக்கால்வாசிப் பேர் ஒரு வரி தட்டிவிட்டு விட்டத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். அவர் திரும்பி வந்து, சின்னக் கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் போகும்படி செய்தார். வரதாச்சாரியின் கணக்கை, மற்றவர்கள் தலை சொறியும் நேரத்தில் ஓடவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினாறு பேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் டைரக்டர். கொஞ்ச நேரத்தில் அவர் அறையிலிருந்து போன் வந்தது.

"பிரமாதம். விரலை எடுக்கறதுக்குள்ள பதில் வருது. இதையே வச்சுக்கலாம். ஆனா பாவம், இன்னைக்கு வேற யாருமே உபயோகிக்கலை போலிருக்கே?"

சவரிமுத்து போனை வைத்துவிட்டு, டைரக்டர் சொன்னதை யோகாம்பாளிடம் சொன்னார்.

"ஜெயிச்சுட்டீங்க. அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றார் யோகாம்பாள்.

"மனசு ஒப்பலை மேடம். மிஷின் தனக்கு மட்டும்னு நெனச்சுட்டார். பொய் சொல்லி ஏமாத்தின மாதிரி இருக்கு."

"அவர் கேட்டப்ப அது யாரைக் கவனிச்சுது?"

"அவரைத்தான்."

"கூடவே வேற யாரையாவது?"

"இல்லை மேடம். ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் அதால கவனிக்க முடியும்."

"அப்ப பொய் எங்க இருக்கு?"