ஆள்மட்டக் கல்லில் ஒரு புதுக் கோடு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் யாருக்கும் தம் வயது தெரியாது. வயதை எண்ணும் வழக்கமே அங்கே கிடையாது. ஆகவே அரண்மனை வாசலில் ஒரு கல்லை நட்டு அதில் ஒரு கோடு வெட்டியிருந்தார்கள். ஆள்மட்டக் கல் என்று அதற்குப் பெயர். கோட்டில் தலை தட்டினால் அவன் ஆள், தட்டாதவரை பிள்ளை. ஆள் என்றால் படைக்குப் போகவேண்டும், சபையில் உட்காரலாம், கொலை செய்தால் கழுவேறவேண்டும். பட்டத்து இளவரசனுக்குத் தலை தட்டினாலோ, தகப்பன் அன்றைக்கே முடியை இறக்கிக் கொடுத்துவிட்டு வனம் போகவேண்டும்.

அந்நாட்டு அரசவையில் மலையப்பன் என்று ஒரு விகடன் இருந்தான். பெயரில்தான் மலை. மீசை நரைத்த பிறகும் கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டான். எனவே சட்டப்படி அவனும் பிள்ளைதான். மன்னன் அதியவர்மனுக்கு அவன்மேல் பிரியம் அதிகம். அந்தப் பிரியத்தைக் கண்டு மந்திரி தருமசேகரருக்கும் தளவாய் செம்பியராயருக்கும் வயிறு எரியும்.

ஒருநாள் யானைக்கொட்டில் தீப்பற்றியது. பட்டத்து யானையை அவிழ்த்துவிட ஓடிய பாகன் மருதையன்மேல் கூரை விழுந்தது. யானை பிழைத்தது, பாகன் செத்தான். மன்னனைக் குழந்தையில் முதன்முதலாக யானைமேல் தூக்கி உட்காரவைத்தவன் அந்த மருதையன்.

தீ வைத்தவன் கார்மேகம் என்ற பையன். அவனைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு தூணோரம் மருதையனின் மனைவி பேச்சாயி தலைவிரி கோலமாக நின்றாள்.

"ஏன் தீ வைத்தாய்?" என்றான் மன்னன்.

"யானை எங்க வாழைய எல்லாம் சாய்ச்சிருச்சு. பாகன் பாத்துச் சிரிச்சாரு. ரெண்டும் செத்துத் தொலையட்டும்னு வச்சேன்" என்றான் பையன். "நெசமாவே சாவாருன்னு நெனைக்கல."

மன்னனின் கண் சிவந்தது. பையனைக் கல்லருகே நிறுத்திப் பார்த்தார்கள். தலை தட்டவில்லை.

மந்திரி எழுந்தார். "மன்னர் மன்னவா! ஆள் செய்யும் கொலையை இவன் செய்திருக்கிறான். தண்டனை மட்டும் பிள்ளைக்கு உரியதா? இவன் தலை நிற்கும் இடத்துக்குக் கோட்டை இறக்கிவிட்டால் நீதி நிறைவேறிவிடும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் மன்னன்.

இதுதான் சமயம் என்று தளவாயும் எழுந்தார். "அந்தக் கோட்டை மலையப்பனே வெட்டட்டும், பிரபு. அவன் இந்தப் பையனைவிட நாலு விரல் உயரம். புதுக் கோடு வந்தால் அவனும் ஆளாகிவிடுவான். எல்லைப் போரில் முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது."

சபை சிரித்தது. மலையப்பனும் சிரித்தான்.

"தளவாயவர்களே, என்னை முன்னால் நிறுத்தினால் எதிரியின் அம்பு என் தலைக்குமேலே போய் உங்கள் தொந்தியில் அல்லவா இறங்கும்?"

பிறகு மன்னனை வணங்கினான். "கோடு போட்டுவிடுகிறேன், மன்னா. ஒரு சந்தேகம் மட்டும். புதுக் கோடு வந்தபின் பழைய கோடு செல்லுமா?"

"செல்லாது. கல்லுக்கு ஒரு கோடுதான்."

"கோட்டில் தலை தட்டியவன் ஆள். அதில் மாற்றம் இல்லையே?"

"இல்லை. காலையில் வெட்டு. மாலையில் இவன் கழுவேறட்டும்."

"உத்தரவு. அப்படியே முரசறைந்து சொல்லிவிடுகிறேன்."

மறுநாள் கோடும் வந்தது, முரசும் ஒலித்தது. மன்னன் சபைக்கு வந்தபோது கால் வைக்க இடமில்லை. ஆசனம் எல்லாம் பிள்ளைகள். மந்திரியின் ஆசனத்தில் அவருடைய பேரன்மார் இருவர் பொரியுருண்டை தின்றுகொண்டிருந்தார்கள்.

"எழுந்திருங்கடா!" என்றார் மந்திரி.

"எதுக்கு? எங்களுக்குத்தான் தலை தட்டிருச்சே. நீங்க வேணா நின்னுக்கோங்க தாத்தா."

அதற்குள் தளவாயின் மனைவி அவரை அங்கவஸ்திரத்தோடு பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "நம்ம புள்ள மரக்கத்தியத் தூக்கிக்கிட்டுப் படையில போய் நிக்கிறான்! நான் ஊட்டினாத்தான் அவனுக்குச் சோறு எறங்கும். அவன எல்லைக்கு அனுப்பிட்டு நீங்க வீட்டுப் பக்கம் வந்துராதீங்க, சொல்லிட்டேன்!"

மன்னன் வாய் திறக்குமுன் மலையப்பன் உள்ளே வந்தான். ஒரு கையில் மரவுரியும் கமண்டலமும், இன்னொரு கையில் இளவரசன் நன்மாறன்.

"என்ன இது?" என்றான் மன்னன்.

"தங்களுக்கு உடுப்பு, மன்னா. இளவரசருக்குத் தலை தட்டிவிட்டது. வனத்துக்குத் தெற்கு வாசல் வழியாகப் போகலாம். பாம்பு கொஞ்சம் உண்டு, மற்றபடி நல்ல காற்று."

"இவனா அரசன்? நேற்றுத்தான் பால்பல் ஆடுகிறதென்று அழுதான்!"

"அழட்டும். முடி சூடிக்கொண்டு அழட்டும்." மலையப்பன் இளவரசனைச் சிங்காதனத்தில் ஏற்றி உட்காரவைத்தான். "புது மன்னா, முதல் ஆணை என்ன?"

இளவரசன் சபையைச் சுற்றிப் பார்த்தான். மந்திரியைக் கண்டதும் முகம் கடுத்தது.

"அவரைக் கழுவில் ஏத்துங்க! என் புறாவைக் கூட்டைத் திறந்து விரட்டிட்டார்!"

காவலருக்குச் சட்டம் ஒன்றுதான். தலை தட்டியவன் மன்னன், மன்னன் சொன்னது ஆணை. இரண்டு பேர் வந்து மந்திரியின் தோளைப் பிடித்தார்கள். மந்திரி அலறிக்கொண்டு ஆசனத்துக்கு அடியில் புகுந்தார். காவலர் காலைப் பிடித்து இழுத்தார்கள். இளவரசன் சிங்காதனத்திலிருந்து குதித்தான்.

"நிஜமாவே கொல்லுவாங்களா? வேண்டாம்! விடுங்க! கோவத்துல சொன்னேன்!" என்று ஓவென்று அழுதபடி ஓடித் தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டான்.



"மன்னா," என்றான் மலையப்பன். "நேற்று ஒரு பிள்ளை இதே வார்த்தையைச் சொன்னான். தங்கள் பிள்ளை கையில் நெருப்பு இல்லை, தடுக்க நாம் இத்தனை பேர் இருந்தோம். இருவருக்கும் நடுவே வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கோட்டை ஒருவனுக்காக இறக்கினால் எல்லோருக்கும்தான் இறங்கும்."

மன்னன் மகனின் தலையில் கை வைத்தான். காவலர் நடுவே நின்ற கார்மேகத்தைப் பார்த்தான். பிறகு பேச்சாயி நின்ற தூணோரம் திரும்பினான். "இழந்தவள் நீ. நீ சொல், அம்மா."

பேச்சாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நேத்து எனக்கு இவன் உசுருதான் வேணும்னு இருந்துச்சு சாமி. இப்பவும் இவன் மூஞ்சியப் பாத்தா பத்திக்கிட்டு வருது. ஆனா என்ன செஞ்சோம்னு முழுசாத் தெரியிற அளவுக்கு வளந்து, இவன் எம்முன்னால வந்து நிக்கணும். செத்துட்டா எப்படி நிப்பான்?"

மன்னன் தீர்ப்புச் சொன்னான். "கார்மேகத்துக்குக் கழு இல்லை. இவன் அரண்மனைக் காவலில் இருந்து, எரிந்த கொட்டிலுக்கு மண் சுமப்பான். பழைய கோட்டில் தலை தட்டும் நாளில் பேச்சாயி முன் ஆளாக நின்று, செய்ததைத் தன் வாயால் சொல்வான். அதன் பிறகே விடுதலை." பெருமூச்சு விட்டான். "ஆனால் வெட்டிய கோட்டை எப்படி அழிப்பது?"

மலையப்பன் வாசலுக்குப் போய், தோள் துண்டால் கல்லை ஒரு துடை துடைத்தான். கோடு போய்விட்டது. வெறும் சுண்ணாம்பு!

"உன்னை உளியால் அல்லவா வெட்டச் சொன்னேன்?"

"பிள்ளை கையில் யாராவது உளி கொடுப்பார்களா மன்னா? கோடு போடும்வரை நான் பிள்ளைதானே!"

மன்னன் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். ஆசனத்துக்கு அடியிலிருந்த மந்திரியும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தார். மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி மலையப்பன் கழுத்தில் போட்டான். அது முழங்கால்வரை தொங்கியது.

"இன்னும் என்ன வேண்டும், கேள். சபையில் ஆசனமா?"

"ஆசனம் தந்தால் ஏற ஏணியும் தரவேண்டும், மன்னா. எந்தப் பிள்ளைக்காகவும் இந்தக் கோடு இனி இறங்காது என்று ஒரு வார்த்தை போதும்."

மன்னன் அந்த வார்த்தையையும் கொடுத்தான்.

மலையப்பன் வீட்டுக்குக் கிளம்பினான். வாசலில் கல்லருகே நின்று, தலைமேல் கையை வைத்து ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டான்.

"நல்லவேளை! இன்னும் ஒரு சாண் இருக்கிறது" என்று சொல்லி, முத்துமாலை முழங்காலில் தட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான்.