குட்டி முகர்ந்த குதிரைவால்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், துருக்கியர் சீமையின் எல்லைப்புறத்தில் ஒரு கூட்டத்தை யக்மூர் என்ற அரசன் ஆண்டுவந்தான். அரண்மனை கிடையாது, கூடாரத்தில்தான் தர்பார். ஆள் நல்லவன்தான். ஆனால் தம்பி மனைவி ஆய்பிகேமேல் ஆசை வைத்துத் தொலைத்தான். தம்பி தெமிரை எல்லைக் கோட்டைக் காவலுக்கு அனுப்பியதே அதனால்தான்.

இது போகாவுக்குத் தெரியும். அரசனுக்குப் பிடித்ததையே பேசிப் பிழைக்கிற சபைக்காரன் அவன். மந்திரி இனாலின் புத்தியைக் கண்டால் அவனுக்கு வயிறு எரியும். ஒருநாள் கறுப்புக் குதிரைவால் ஒன்றைக் கொண்டுவந்து அரசன் முன்னால் வைத்தான். எதிரிகள் சூழ்ந்து கோட்டை விழுந்துவிட்டது, தெமிரும் அவன் குதிரையும் மாண்டுபோனார்கள், இதோ வால் என்றான். வீரன் செத்தால் அவன் குதிரையின் வாலை அறுப்பது அவர்கள் வழக்கம். தம்பியின் விதவையை அண்ணன் கட்டிக்கொள்வதும் வழக்கம்தான். அரசன் அழுதான். அழுதுகொண்டே, பத்தாம் நாள் கல்யாணம் என்று நாளும் குறித்தான்.

ஆய்பிகே மந்திரியிடம் ஓடினாள். தன் புருஷன் சாகவில்லை, எப்படியாவது நிரூபியுங்கள் என்று கெஞ்சினாள். பொறும்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் இனால்.

கல்யாணத்தன்று சுற்றுவட்டாரத் தலைவர்கள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். இனால் அந்த வாலைக் கூடார வாசலில் தொங்கவிட்டு, பால்குடி மறவாத குதிரைக்குட்டிகளை எல்லாம் அவிழ்த்துவிடச் சொன்னார். போகாவின் பட்டியிலிருந்து ஒரு குட்டி ஓடிவந்தது. வாலை முகர்ந்து, அதன் கீழே பால் தேடியது.

"அரசே, தெமிரின் குதிரை ஆண்குதிரையாயிற்றே. இந்தக் குட்டி யாரைத் தேடுகிறது?"

போகாவின் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து மொட்டைவால் பெண்குதிரை ஒன்றை இழுத்துவந்தார்கள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. போகாவை விரட்டிவிட்டு, அரசன் தன் ரோம அங்கியைக் கழற்றி மந்திரிக்குப் போர்த்தினான். கோட்டைக்குப் படையும் கிளம்பியது.

படை தெமிரின் உடலோடு திரும்பிவந்தது. எதிரிகள் சூழ்ந்த கோட்டையை, அண்ணன் ஆள் அனுப்புவான் என்று நம்பி, படை போய்ச் சேர்வதற்கு முந்தின நாள்வரை தெமிர் காத்து நின்று, அன்றுதான் விழுந்திருக்கிறான். பாவம், செத்துப்போனவனுக்கு யார் படை அனுப்புவார்கள்? எனக்கு இந்த இடத்தில்தான் மனசு ஆறுவதில்லை.

ஆய்பிகே மந்திரியிடம் கேட்டாள். "அது பொய் என்று உங்களுக்கு எப்போது தெரியும்?"

"போகா வாலைக் கொண்டுவந்த அன்றைக்கே. அந்தக் குட்டி அவன் பின்னாலேயே வந்தது."

"அப்புறம் ஏன் பத்து நாள்?"

இனால் அங்கியைக் கழற்றிக் கீழே வைத்தார். "எல்லாத் தலைவர்களும் கூடட்டும், அத்தனை பேர் முன்னால் அவன் மூக்கை உடைக்கலாம் என்று இருந்துவிட்டேன், அம்மா."

அரசனுக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. அந்தப் பத்து நாளும் தம்பி செத்துவிட்டதாக நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவன் அவன்தானே.