பொம்மி வீட்டுப் படம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மாஸ்டர் கடைசியில் சொன்னது இரண்டே வார்த்தை. அதைக் கொஞ்சம் மாற்றி வைத்தாலும் அவர் கெட்டவராகத் தெரிவார். இல்லாவிட்டால் நான் நல்லவளாகத் தெரிவேன். இரண்டுமே கூடாது.

மாஸ்டர் என்று நாங்கள் சொல்வது இஞ்ஞாசியை. திண்டுக்கல்லில் கல்யாணப் படம் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். என்னைவிட ஒன்பது வயது சின்னவர். அவருடைய ஸ்டுடியோவில் படம் வெட்டி ஒட்டும் வேலைக்குப் போனவள் நான். நாற்பதுக்கு மேல்தான் கேமரா பிடித்தேன். அவர் எனக்குக் குரு. நான் அவருக்கு அக்கா.

அந்த ஐப்பசியில் எங்கள் ஆட்கள் வாயில் ஒரே பேச்சு. ஒரு லென்ஸ் வரப்போகிறது. கம்பெனிக்காரன் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ எங்கேயோ எழுதிவிட்டார்கள். அறையின் இரண்டு பக்கச் சுவரும் ஒரே படத்தில் வந்துவிடும் அளவுக்கு அகலமாம். ஒரு மெழுகுவத்தி எரிந்தால் அந்த வெளிச்சம் போதுமாம். அதோடு ஜூமும் உண்டாம்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டுக்குப் பின்னால் மாஸ்டர், பாவா, குமரகுரு, நான் எல்லாரும் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"முன் கண்ணாடி இட்லி மாதிரிப் புடைச்சுக்கிட்டு நிக்குமாம்" என்றார் பாவா.

"தொட்டுக்கச் சட்னி குடுப்பாங்களா பாய்?" என்றான் குமரகுரு.

"சிரி, சிரி. வந்ததும் நீதான் முதல் ஆளாப் போய் நிப்பே."

"ஏற்கெனவே நின்னாச்சு. என் பழைய லென்ஸை நேத்தே வித்துட்டேன்."

"அடப்பாவி! வதந்தியை நம்பியா? நாளைக்கு முகூர்த்தத்தை எதுல எடுப்பே?"

"உங்க லென்ஸுலதான்."

"அவ்வளவு அகலம் ஆகாதுப்பா. ஓரத்துல நிக்கிற மாமனார் வயிறு ரப்பர் மாதிரி இழுத்துக்கும். ஆல்பத்தைப் பாத்துட்டு அடிக்க வருவாங்க."

"அந்த மாமனாரை நேர்ல பாத்தா அப்படித்தான் பாய் இருக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. என் பையில் பொம்மி வீட்டுப் படம் இருந்தது.

பொம்மி மில்லில் வேலை பார்த்தவள். மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டாள். உடலை எடுப்பதற்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். தெருவில் பந்தல் போட்டு வைத்திருந்தால் தள்ளி நின்று எடுக்கலாம். அன்று அடைமழை. வீடு ஒரே அறை. கரண்டும் இல்லை. ஃபிளாஷ் அடிக்க வேண்டாம் என்று பொம்மியின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் வாசற்படியில் நின்றபடியே நாலு தடவை அழுத்திவிட்டு வந்துவிட்டேன்.

படத்தில் பொம்மி இருந்தாள். அவள் புருஷன் வீரணன், அம்மா, மாமியார், மூத்த பையன் எல்லாரும் இருந்தார்கள். நாலு வயது மகள் தேனு இல்லை.

வீரணன் போனில் சத்தம் போடவில்லை. "பாப்பாவும் அங்கதானேக்கா இருந்துச்சு. அம்மாவோட அதுக்கு வேற படமே கிடையாதுக்கா" என்றான். அன்றைக்கே ஸ்டுடியோவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

"டீ ஆறுது, அக்கா" என்றார் மாஸ்டர்.

கேட்டுவிட்டேன். "மாஸ்டர், அந்த லென்ஸ் அன்னைக்கு என் கையில இருந்திருந்தா, தேனு படத்துல வந்திருப்பால்ல?"

பாவா முந்திக்கொண்டார். "அந்த அகலத்துக்குப் பக்கத்து வீடே வந்திருக்கும் சீலியக்கா."

மாஸ்டர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "பிள்ளையைத் தனியா எடுத்து அதே படத்துல சேத்துக் குடுத்துடலாம். நாளைக்குப் போவோம். அன்னைக்குக் கொண்டுபோன கேமராவையே கொண்டாங்க. லென்ஸை மாத்த வேண்டாம்."

"அது அந்த வீட்டுக்குப் பத்தலையே மாஸ்டர்."

"கொண்டாங்க."

மறுநாள் மத்தியானம் போனோம். அன்றும் தூறல். பொம்மியைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கும் செம்பில் தண்ணீரும் வைத்திருந்தார்கள். மாஸ்டர் என் கேமராவை வாங்கிக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். "கொஞ்சம் வழி விடுப்பா" என்று வீரணன் தோளைத் தொட்டார். விளக்கைச் சுற்றிக்கொண்டு, பொம்மியின் மாமியாரிடம் "காலை மடக்கிக்கங்கம்மா" என்றார். பீரோவுக்கும் அடுப்புக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, கோடி மூலையில் ஈரச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

நான் வாசற்படியில் நின்றேன்.

"அன்னைக்கு அங்கதான் நின்னீங்களாக்கா?"

"ஆமா மாஸ்டர். இதே இடம்."

"அசையாம நில்லுங்க." பிறகு தேனுவைப் பார்த்துச் சொன்னார். "பாப்பா, அன்னைக்கு அம்மா இங்க படுத்திருந்தாங்கல்ல? அப்ப நீ எங்க நின்னியோ அங்க போய் நில்லு."

தேனு விளக்கைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"போ தாயி" என்றான் வீரணன்.

அவள் மெதுவாக என் பக்கம் நடந்து வந்தாள். வெளியே போகிறாள் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டேன். அவள் வெளியே போகவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்றாள். என் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்றும் யாரோ முந்தானையை இழுத்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் யாரோ என்று நினைத்தேன். கை ஆடினால் படம் கெட்டுவிடுமே என்று, திரும்பிக்கூடப் பார்க்காமல் உதறிவிட்டேன்.

மூலையில் கேமரா மூன்று தடவை சத்தம் கொடுத்தது.

மாஸ்டர் எழுந்து வந்து கேமராவைத் திருப்பிக் காட்டினார். வேட்டியின் பின்பக்கம் முழுக்க ஈரம். படத்தில் விளக்கு இருந்தது. வீரணன், கிழவிகள் இரண்டு பேர், பையன், இரண்டு பக்கச் சுவர், வாசல் எல்லாம் இருந்தன. வாசலில் நான். என் இடுப்புக்குக் கீழே சின்ன விரல்களும் பாதி முகமும்.

"மாஸ்டர், இதுக்கு எந்த லென்ஸ் போட்டீங்க?"

அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"உங்களதுதான், அக்கா."

பிறகு தேனுவைத் தனியாக எடுத்து, பொம்மி இருந்த படத்தில் மாஸ்டரே சேர்த்துக் கொடுத்தார். நான் பார்க்கவில்லை. புது லென்ஸ் வந்ததா என்றும் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் மட்டும் எடுக்கிறேன். ஸ்டூலில் ஒரு ஆள்தான் உட்கார முடியும். கேமராவைப் பின்சுவருக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டேன். சுவரில் முதுகு ஒட்டித்தான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் யாரும் நிற்க இடமில்லை.